நடுக்கம் மெல்லத்தான் அடங்கும்: கயிறு, பாம்பு, பார்வை

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். பாட்டி வீட்டில் கிணற்றடி கொல்லைப்புறத்தில் இருந்தது. மின்சாரம் போயிருந்த ஓர் இரவில் கால் கழுவப் போன நான், துவைக்கிற கல்லை ஒட்டிச் சுருண்டு கிடந்ததைப் பார்த்துப் பேயறைந்தது போல் நின்றுவிட்டேன். தலை தெரிந்தது. உடம்பின் செதில் தெரிந்தது. அது மூச்சுவிடுவதைப் பார்த்தேன் என்று சத்தியமே செய்திருப்பேன். நான் போட்ட கூச்சலில் பாட்டி அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். கிடந்தது தாம்புக்கயிறு. மாலையில் தண்ணீர் இறைத்துவிட்டு யாரோ சுருட்டிப் போட்டது. பாட்டி அதை எடுத்து ராட்டினத்துப் பக்கம் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். கயிறு என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தபோதுகூட என் முழங்கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. விளக்கு வந்ததும் பாம்பு போய்விட்டது என்பது ஒன்று. பாம்பு போன பிறகும் நடுக்கம் போகவில்லை என்பது மற்றொன்று. பழைய தத்துவங்களும் தியான முறைகளும் ‘பார்வை மாற வேண்டும்’ என்று சொல்லும்போது எதைச் சொல்கின்றன என்பதை இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டே புரிந்துகொள்ளலாம். முதலாவதைப் பற்றிப் பேசுவது தத்துவம். இரண்டாவதற்காக ஏற்பட்டது தியானம்.

நம் நாட்டுத் தத்துவத்தில் இந்தக் கயிற்றுப் பாம்புக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயது. ஆதிசங்கரருக்குக் குருவின் குரு என்று மரபு சொல்லும் கௌடபாதர், மாண்டூக்ய உபநிடதத்துக்குக் காரிகை எனப்படும் செய்யுள் விளக்கம் ஒன்றை எழுதினார். அந்த உபநிடதம் மிகச் சிறியது, 12 மந்திரங்கள்தான். காரிகையில் 215 செய்யுள்கள், நான்கு பிரகரணங்கள், அதாவது அத்தியாயங்கள். இரண்டாம் பிரகரணத்தில் அவர் சொல்கிறார்: இருட்டில் இன்னதென்று நிச்சயமாகத் தெரியாத கயிறு எப்படிப் பாம்பாகவும் நீர்த்தாரையாகவும் கற்பிக்கப்படுகிறதோ, அப்படித்தான் ஆத்மாவும் பலவாகக் கற்பிக்கப்படுகிறது. ‘நிச்சயமாகத் தெரியாத’ என்ற சொல்லில்தான் நுட்பம் இருக்கிறது. கும்மிருட்டாக இருந்திருந்தால் எனக்கு அன்று பாம்பு தெரிந்திருக்காது, கயிறும் தெரிந்திருக்காது. நல்ல வெளிச்சம் இருந்திருந்தாலும் பாம்பு தெரிந்திருக்காது. ஏதோ ஒன்று கிடக்கிறது என்ற அளவுக்கு வெளிச்சமும், அது என்ன என்று தெரியாத அளவுக்கு இருட்டும் சேர்ந்தால்தான் பாம்பு வரும். அரைகுறையாகத் தெரிவதில்தான் அது குடியிருக்கிறது.

கடல் கடந்து கிரேக்கத்திலும் இதே கயிறு கிடந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பிளேட்டோவின் கல்விக்கழகத்துக்குத் தலைவராக இருந்த கார்னியாடீஸின் கருத்துகளை, பிற்காலத்து செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒருவன் வெளிச்சமில்லாத அறையில் சுருண்ட கயிற்றைப் பாம்பென்று நினைத்துத் தாண்டிக் குதிக்கிறான். பிறகு திரும்பிப் பார்க்கிறான். அசையவில்லை. அப்படியானால் பாம்பில்லையோ? ஆனால் குளிரில் விறைத்துப்போன பாம்பும் அசையாதே. ஆகவே ஒரு கோலை எடுத்துக் குத்திப் பார்க்கிறான். அதன் பிறகுதான் அது பாம்பல்ல என்ற முடிவுக்கு வருகிறான். கிரேக்கருக்கு இது நம்பத் தகுந்த அறிவை எப்படிச் சோதித்துப் பெறுவது என்பதற்கான எடுத்துக்காட்டு. வேதாந்திக்கோ, துன்பம் எங்கிருந்து வருகிறது என்பதற்கான எடுத்துக்காட்டு. அவன் கோலை எடுத்தான். இவர் விளக்கைக் கேட்கிறார்.

விளக்கு இல்லாதபோது மனம் என்ன செய்கிறது? சங்கரர் பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தின், அதாவது உரையின், முன்னுரையில் இதற்கு ஓர் இலக்கணம் தருகிறார். முன்பு பார்த்த ஒன்று, நினைவின் வடிவில், வேறோர் இடத்தில் தோன்றுவது. இதற்கு அத்தியாசம் என்று பெயர். தமிழ் வேதாந்த நூல்கள் ஆரோபம் என்று சொல்லும். ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றுவது. ஏற்றப்படுவதற்கு அடியில் உண்மையாகவே இருப்பது அதிட்டானம். என் கதையில் தாம்புக்கயிறு அதிட்டானம், பாம்பு ஆரோபம். பாம்பையே கண்டிராத, கேட்டிராத ஒரு குழந்தை அந்தக் கயிற்றில் பாம்பைக் கண்டிருக்காது. சுருண்டு கிடந்த வடிவம் கொல்லையில் இருந்தது. செதிலும் மூச்சும் என்னிடமிருந்து போனவை.

இதைத் தத்துவ மாணவர்களுக்கான விஷயம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ‘நாளை காலை என்னை வந்து பாருங்கள்’ என்று அலுவலகத்தில் மேலதிகாரி ஒரு வரி எழுதி அனுப்புகிறார். அந்த வரியில் கோபம் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. ஆனால் அந்த இரவு முழுவதும் வேலை போனால் வீட்டுக் கடன் என்னாவது, யாரிடம் என்ன சொல்வது, யார் போட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று ஒரு வாழ்க்கையே நடந்து முடிந்துவிடுகிறது. எப்போதோ யாரிடமோ பட்ட அவமானம் நினைவின் வடிவில் அந்த ஒரு வரியின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காலையில் போனால், ஊருக்குப் போகும் வழியில் ஒரு கோப்பைக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார். ஒரு நாளில் எத்தனை முறை கயிறு மிதிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும்.

உலகம் பொய்யா?

மாயை என்ற சொல்லைப் போல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட சொல் நம்மிடையே குறைவு. ‘எல்லாம் மாயை, எதுவும் இல்லை’ என்று கைவிரிப்பதற்கு அது பயன்படுகிறது. உள்ளது பிரம்மம் என்னும் ஒரே பொருள்தான், உயிரும் அதுவே என்று சொல்லும் சங்கரரின் அத்வைதம் அப்படிக் கைவிரிக்கவில்லை. பிற்கால அத்வைத நூல்கள் உண்மையை மூன்று படிகளாகப் பிரிக்கின்றன. கயிற்றில் தெரிந்த பாம்பு, கனவில் கண்ட யானை போன்றவை தோன்றும் வரைக்கும் மட்டும் இருப்பவை, இது பிராதிபாசிகம். நாம் எல்லோரும் சேர்ந்து வாழ்கிற உலகம், அதாவது சோறு, பசி, கடன், காய்ச்சல், ரயில் நேரம் எல்லாம் வியாவகாரிகம். எந்த அறிவாலும் பின்னால் மறுக்கப்படாமல் நிற்பது பாரமார்த்திகம். கனவுப் புலிக்கும் காட்டுப் புலிக்கும் வேறுபாடு இல்லை என்று அத்வைதி சொல்வதில்லை. காட்டுப் புலியைக் கண்டால் அவரும் ஓடுவார்.

வெளிப்பொருள் எதுவும் கிடையாது, இருப்பதெல்லாம் மனத்தின் அறிவு மட்டுமே என்று வாதிட்ட பௌத்தப் பிரிவினரைச் சங்கரரே கடுமையாக மறுத்திருக்கிறார். அவர் சொன்ன உவமை சாப்பாட்டைப் பற்றியது. ஒருவன் சாப்பிட்டுக்கொண்டே, வயிறு நிறைவதைத் தானே உணர்ந்துகொண்டே, ‘நான் சாப்பிடவும் இல்லை, எனக்கு நிறையவும் இல்லை’ என்று சொன்னால் எப்படியிருக்கும், அப்படி இருக்கிறது இந்தப் பேச்சு என்கிறார். உலகத்தை மறுத்தவர் என்று நாம் நினைக்கிறவர் சொன்னது இது.

அப்படியானால் உண்மை தெரிந்தவருக்கு என்ன மாறும்? கானல் நீரை நினைத்துக்கொள்ளுங்கள். பழந்தமிழில் இதற்குப் பேய்த்தேர் என்று பெயர்; எவ்வளவு பொருத்தமான பெயர்! மே மாதத்தில் நாற்கரச் சாலையில் போகும்போது தொலைவில் தார் மேல் தண்ணீர் தேங்கிப் பளபளக்கிறது. எதிரே வரும் லாரியின் நிழல்கூட அதில் தலைகீழாகத் தெரிகிறது. சூடான காற்றடுக்கில் ஒளி வளைவதால் வருவது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். படித்ததால் தண்ணீர் மறைந்துவிடுகிறதா? இல்லை, அறிவியல் ஆசிரியருக்கும் தண்ணீர் தெரியத்தான் செய்யும். ஆனால் அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார். கயிற்றுப் பாம்பு விளக்கு வந்ததும் மறைகிற வகை. கானல் நீர் தெரிந்துகொண்டே இருக்கும், ஏமாற்றாமல். ஞானிக்கு உலகம் இரண்டாவது வகையில் தெரிகிறது என்று வேதாந்த ஆசிரியர்கள் விளக்குவார்கள். அவர் கண்ணுக்கும் மரம் மரமாகவும் மாடு மாடாகவும்தான் தெரிகின்றன.

இதையே இன்னும் அழகாகச் சொன்னவர் திருமூலர்.

மரத்தை மறைத்தது மாமத யானை
மரத்தில் மறைந்தது மாமத யானை
பரத்தை மறைத்தது பார்முதல் பூதம்
பரத்தில் மறைந்தது பார்முதல் பூதமே

பரம் என்றால் பரம்பொருள், பார்முதல் பூதம் என்றால் மண் முதலான ஐம்பூதங்கள். இதன் பொருள் எனக்கு விளங்கியது ஒரு கோயிலின் வாகன மண்டபத்தில். உற்சவத்துக்கு முன்னால் யானை வாகனத்தைப் பழுதுபார்க்க ஒரு தச்சர் வந்திருந்தார். வாகனத்தின் முன்னங்காலை விரல் மடித்துத் தட்டுகிறார், காதை வைத்துக் கேட்கிறார், உளுத்த இடத்தைத் தேடுகிறார். பக்கத்தில் ஒரு சிறுமி அதே யானையின் வாயருகே வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே மரம் இல்லை. அவருக்கு, அந்த நேரத்தில், யானை இல்லை. இருவர் முன்னாலும் நின்றது ஒன்றுதான். அதிலிருந்து ஒரு சிராய்கூடக் குறையவில்லை. யானையை மரத்திலிருந்து பிரித்து எடுத்துக் கீழே வைக்க யாராலும் முடியாது. தச்சர் வேலை முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நாலடி பின்னால் நகர்ந்து தும்பிக்கையின் வளைவை ரசித்ததையும் பார்த்தேன். மரம் என்று தெரிந்தவருக்கு யானை திரும்பவும் கிடைத்தது. பார்வை மாறுவது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

திருமூலரை அத்வைதி ஒரு விதமாகவும் சைவ சித்தாந்தி வேறு விதமாகவும் படிப்பார். சித்தாந்தத்தில் உலகம் பொய்த்தோற்றம் கிடையாது. உயிர், இறைவன், உயிரைக் கட்டும் பாசம் மூன்றும் உள்ளவை. உயிரை மறைக்கும் மலம் என்ற அழுக்கு நீங்க வேண்டும் என்பதே அங்கே பேச்சு. திருவரங்கத்து ராமானுஜரோ அத்வைதத்தின் அடிமடியிலேயே கைவைத்தார். அறியாமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் அந்த அறியாமை யாருடையது? பிரம்மத்தினுடையதா? அறிவே வடிவான அதற்கு அறியாமை எப்படி வரும்? ஜீவனுடையதா? ஜீவனே அறியாமையால் தோன்றியவன் என்கிறீர்களே? பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யம் என்ற உரையில் இப்படி ஏழு தடைகளை எழுப்புகிறார். இவை எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல. அத்வைதத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவுக்கு வருகிறவர்கள் ராமானுஜரையும் ஒரு முறையாவது கேட்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தெரிந்த பிறகும் ஏன் பயிற்சி?

இனி அந்த நடுக்கத்துக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டில் வித்யாரண்யர் எழுதிய பஞ்சதசி என்ற அத்வைத நூலில் ஒரு வரி இருக்கிறது. கயிறு என்று அறிந்த பிறகும் நடுக்கம் முதலியவை மெல்லத்தான் அடங்கும் என்பது அதன் கருத்து. பாட்டி வீட்டுக் கொல்லையில் என் முழங்காலைப் பார்த்துவிட்டு எழுதியது போல் இருந்தது எனக்கு. பாம்பு இல்லை என்பது கண்ணுக்கும் அறிவுக்கும் நொடியில் எட்டிவிடுகிறது. நெஞ்சுக்கும் காலுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர நேரமாகிறது. வாழ்நாள் முழுவதும் ‘இந்த உடம்புதான் நான், இந்தப் பெயர்தான் நான்’ என்று பழகிய ஒருவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் வீட்டைவிட்டுப் புறப்படும்போது மனைவி மைத்ரேயி சொத்தில் பங்கு கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்ததைக் கேட்கிறாள். அவர் சொல்கிறார்: ஆத்மாவைக் காண வேண்டும்; அதைப் பற்றிக் கேட்க வேண்டும், சிந்திக்க வேண்டும், தொடர்ந்து தியானிக்க வேண்டும். சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று பின்னால் வந்தவர்கள் இதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார்கள். கேட்பதும் சிந்திப்பதும் சந்தேகத்தைத் தீர்க்கும். மூன்றாவது, பழக்கத்தைத் தீர்க்கும். ஆகவே இந்த மரபில் தியானம் என்பது அபூர்வமான காட்சி ஒன்றைக் காண்பதற்காக ஏற்பட்டதில்லை. ஒளிவட்டமோ வண்ணங்களோ தெரியவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தெரிந்ததை உடம்புக்கும் பழக்குவதே இங்கே வேலை.

எங்கே தொடங்குவது? திருக்-திருசிய விவேகம் என்றொரு சிறிய நூல் இருக்கிறது, 46 செய்யுள்கள். திருக் என்றால் பார்ப்பது, திருசியம் என்றால் பார்க்கப்படுவது. முதல் செய்யுளிலேயே முழுப் பயிற்சியும் இருக்கிறது. உருவம் பார்க்கப்படுவது, கண் பார்ப்பது. கண் பார்க்கப்படுவதாகும்போது மனம் பார்ப்பதாகிறது. மனத்தின் அலைகள் பார்க்கப்படுவதாகும்போது சாட்சி பார்ப்பதாகிறது. அந்தச் சாட்சி எதனாலும் பார்க்கப்படுவதில்லை.

படித்தால் கணக்குச் சூத்திரம் போல் இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். முதுகு நிமிர்ந்து, நாற்காலியிலோ பாயிலோ வசதியாக உட்காருங்கள். எதிரே ஒரு பொருள், செம்பு என்று வைத்துக்கொள்வோம். செம்பு தெரிகிறது, நான் செம்பு இல்லை. இதில் யாருக்கும் தகராறு இல்லை. அடுத்து, கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, எரிகிறது. இது எனக்குத் தெரிகிறது. தெரிகிறது என்றால் கண்ணும் இப்போது செம்பின் பக்கம் போய்விட்டது, பார்க்கப்படும் பொருளாகிவிட்டது. அடுத்து, மனம் சலிக்கிறது, ‘இதெல்லாம் எதற்கு’ என்று ஓர் எண்ணம் ஓடுகிறது. அதுவும் எனக்குத் தெரிகிறது. அப்படியானால் சலிப்பும் செம்பு இருக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது! இந்த இடத்தில்தான் பலருக்கு முதன்முதலாக ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். கோபம் வந்தால் ‘நான் கோபமாக இருக்கிறேன்’ என்பது நம் வழக்கம். இந்தப் பயிற்சியில் அது ‘கோபம் ஒன்று தெரிகிறது’ என்றாகிறது. கோபம் அப்படியே இருக்கலாம். ஆனால் கோபமே நான் என்ற ஒட்டு விடுகிறது. ஐந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும்.

பௌத்த மரபில் இதற்கு நெருக்கமான, இன்னும் எளிமையான பயிற்சி ஒன்று உண்டு. பாஹியர் என்பவர் நெடுந்தொலைவு நடந்து சாவத்தி நகருக்கு வந்து, பிச்சைக்குப் போய்க்கொண்டிருந்த புத்தரை வழியிலேயே மறித்துப் போதனை கேட்டார். இது நேரமில்லை என்று இரண்டு முறை சொன்ன புத்தர் மூன்றாம் முறை சுருக்கமாகச் சொன்னார். பார்த்ததில் பார்த்தது மட்டும் இருக்கட்டும், கேட்டதில் கேட்டது மட்டும் இருக்கட்டும். இதைச் செய்து பார்க்கக் காது நல்ல வாசல். கண்ணை மூடிக்கொண்டு, வருகிற ஓசையை ஓசையாகவே கேளுங்கள். மின்விசிறியின் கறகறப்பு. உடனே மனம் ‘எண்ணெய் விட வேண்டும்’ என்கிறது. தெருவில் ஒரு ஹாரன். ‘என்ன மனிதர்கள் இவர்கள்’ என்கிறது. ஓசை எங்கே முடிகிறது, நம்முடைய சேர்மானம் எங்கே தொடங்குகிறது என்ற கோடு சில நாட்களில் தெரிய ஆரம்பிக்கும். வேதாந்திக்கும் பௌத்தருக்கும் ஆத்மா உண்டா இல்லையா என்பதில் தீராத வழக்கு உண்டு. ஆனால் இந்தச் சேர்மானத்தைப் பிடிப்பதில் இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்காரலாம்.

புத்தர் சொன்ன இரண்டு அம்புகளின் உவமையும் இங்கேதான் பொருந்துகிறது. அம்பு தைத்தால் உடம்பு வலிக்கும். ‘எனக்கு ஏன் இப்படி, இது எப்போது தீரும்’ என்ற புலம்பல் அதே இடத்தில் தைக்கிற இரண்டாவது அம்பு. பழகியவருக்கும் முதல் அம்பு வலிக்கத்தான் செய்யும். இரண்டாவது தைப்பதில்லை.

மதுரையில் ஒரு பிற்பகல்

இவை எல்லாம் எப்போதோ நடந்தவை என்று தோன்றினால், 1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்து மதுரைக்கு வர வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே, சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா வீட்டு மாடியில் 16 வயதுப் பள்ளி மாணவன் வேங்கடராமனுக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. உடம்பில் எந்த நோயும் இல்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. படுத்துக்கொண்டான். கைகால்களைப் பிணம் போல் விறைக்க வைத்துக்கொண்டான். உதட்டை இறுக மூடிக்கொண்டான். சரி, இந்த உடம்பு செத்துவிட்டது, இதைக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள், அதோடு நானும் செத்துவிட்டேனா என்று உள்ளே பார்த்தான். உடம்பு அசையாமல் கிடந்தபோதும் ‘நான்’ என்ற உணர்வு அப்படியே இருந்தது. அவன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. பயம் அன்றோடு போயிற்று என்று ரமணர் பிறகு சொன்னார். செப்டம்பர் 1ஆம் தேதி அவர் திருவண்ணாமலையில் இருந்தார். 1950 ஏப்ரல் 14இல் உடல் நீங்கும் வரை அந்த ஊரைவிட்டு எங்கும் போகவில்லை.

இந்த நிகழ்ச்சி என்னை ஈர்ப்பதற்குக் காரணம், அவன் பயத்தைத் தடியால் அடிக்கவில்லை என்பதே. வேறு எதையும் நினைத்து அதை மறக்கவும் முயலவில்லை. ‘சாகிறவன் யார்’ என்று விளக்கைப் பிடித்தான்.

திருவண்ணாமலை மலையில் உள்ள விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், 1902இல், வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை அவரிடம் கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. பதில்களை எழுதிக் காட்டினார். அந்தக் கேள்வி-பதில்களே பிறகு ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயிற்று. ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். அதில் சொல்லப்படும் முறை இதுதான்: ஓர் எண்ணம் எழும்போது அதை முடிக்கப் போகாதீர்கள்; இது யாருக்கு உண்டாயிற்று என்று கேளுங்கள். எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று விசாரித்தால் மனம் தன் பிறப்பிடத்துக்குத் திரும்பும், எழுந்த எண்ணம் அடங்கும். மறுபடி எழும், மறுபடி கேட்க வேண்டும்.

இதில் தொடக்கநிலையில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. நானும் வெகுநாள் செய்தேன். ‘நான் யார், நான் யார்’ என்று மந்திரம் போல் உருப்போடுவது. அல்லது ‘நான் பிரம்மம்’ என்று தேர்வில் எழுதுவது போல் விடை எழுதுவது. இந்தக் கேள்விக்குச் சொல்லாக ஒரு விடை வேண்டியதில்லை. இருட்டில் ஓசை கேட்டால் ‘யாரது?’ என்று கேட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோமே, அந்தக் கூர்மைதான் வேண்டும். கேள்வியும் கடைசியில் நிற்காது. பிணம் சுடும் தடியைப் போல் மற்ற எண்ணங்களை எரித்துவிட்டுத் தானும் எரிந்துபோகும் என்கிறார் ரமணர். சுடுகாட்டைப் பார்த்தவருக்கு அந்த உவமை மறக்காது. வெட்டியான் சிதையைக் கிளறிக் கிளறிவிட்டு, கடைசியில் அந்தத் தடியையும் நெருப்பிலேயே போட்டுவிடுவார்.

சிலவற்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். துக்கத்தில் இருக்கிறவரிடம் போய் ‘எல்லாம் மாயை’ என்று சொல்வது ஞானம் கிடையாது, கொடுமை. மாயை என்ற சொல் நம்மை நாமே விசாரித்துக்கொள்ளத் தரப்பட்டது. பிறர் பசியையும் பிறர் இழப்பையும் தள்ளிவிடுவதற்குத் தரப்படவில்லை. உடம்பை அலட்சியப்படுத்துவதும் இதில் சேராது. இடது கையில் புற்றுக்கட்டி வந்தபோது ரமணர் 1949இல் மருத்துவர்கள் செய்த நான்கு அறுவைச் சிகிச்சைகளுக்கும் உடம்பைக் கொடுத்தார். இன்னொன்று, நீண்ட நேர மௌனப் பயிற்சிகளில் சிலருக்குப் பதற்றம் கூடுவதும், சுற்றியுள்ளதும் தானும் நிஜமே இல்லாதது போன்ற மரத்த உணர்வு வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதை முன்னேற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. பார்வை தெளிந்தால் எதிரில் இருப்பவர் முகம் இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும். மரத்துப் போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

தமிழிலேயே மேலும் படிக்க விரும்பினால் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் இருக்கிறது. முதற்பகுதி தத்துவ விளக்கம், இரண்டாவது சந்தேகம் தெளிதல். ஆரோபம், அதிட்டானம் எல்லாம் அங்கே குரு-சீடன் உரையாடலாகவே வருகின்றன. உரையோடு படியுங்கள். செய்யுள் கொஞ்சம் கடுமையாக இருக்கும், பழகிவிடும்.

திருவண்ணாமலைக்குப் போக வாய்த்தால், ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து மலைப்பாதையில் ஏறி, கந்தாசிரமம் போய், அங்கிருந்து சற்றுக் கீழே இறங்கினால் விரூபாட்ச குகை. வெயிலில் ஏறி வந்து உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாது. செல்பேசி விளக்கைப் போட்டுவிடாதீர்கள். சுவரோரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். முதலில் தரையின் குளிர்ச்சி தெரியும். பிறகு பக்கத்தில் யாரோ மூச்சுவிடுவது கேட்கும். எதிரே ஏதோ பெரிதாக இருக்கிறது என்று தோன்றும். ஆளா, பாறையா என்று தெரியாது. கண் மெல்லப் பழகும். அங்கே இருப்பது ஒரு மேடு, விரூபாட்ச தேவர் என்ற துறவி அடங்கிய இடம். அதன் மேல் சிறிய விளக்கொன்று எரிந்துகொண்டிருக்கும்.